சிரிக்க வைப்பவர் யாருக்காக எழுதுகிறார்?

கேள்வி: சின்னத்திரைக்கு நகைச்சுவை எழுதுபவர் தனக்காக எழுத வேண்டுமா, பார்க்கிறவருக்காகவா?
- வாசகர் ஒருவர், திருவிடைமருதூர்

பதில்: உங்கள் ஊர்க்காரரையே கேட்போமே! 1913-ல் திருவிடைமருதூரில் பிறந்த நகைச்சுவை எழுத்தாளர் தேவன் 1957-ல் காலமானார். சென்னைக்குத் தொலைக்காட்சி வந்ததே 1975-ல்தான். அவர் சின்னத்திரைக்கு ஒரு வரி எழுதியதில்லை. சின்னத்திரைதான் அவரைத் தேடி வந்தது. அவர் எழுதிய ‘துப்பறியும் சாம்பு’ தூர்தர்ஷனில் தொடரானபோது காத்தாடி ராமமூர்த்தி சாம்புவாகவே நடமாடினார்.

ஏன் எடுபட்டது? சாம்பு அசடு. குருட்டு அதிர்ஷ்டத்தில் எங்கோ தடுக்கி விழுவார், திருடன் அகப்படுவான். ஊரே மேதை என்று கொண்டாடும். முழு உண்மை தெரிந்தவர்கள் தேவனும் நாமும்தான். வாசகரைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்ட எழுத்து அது. காவிரிக்கரைத் திண்ணைப் பேச்சின் குறும்பும் அதில் அப்படியே இருக்கிறது. பார்க்கிறவருக்குப் புரியாதோ என்று பயந்து, பின்னணியில் சிரிப்பொலியை ஓடவிடும் தொடர்களில் இல்லாதது அந்த மரியாதைதான்.

சரி, ‘தன்’னை எங்கே வைப்பது? நகைச்சுவை நாடகாசிரியர் கிரேசி மோகனைப் பாருங்கள். கிண்டியில் இயந்திரப் பொறியியல் படித்தவர். பள்ளியில் தன்னை மேடையேற்றிய ஆசிரியையின் நினைவாகத் தன் நாயகிகளுக்கு ஜானகி என்றே பெயர் வைத்தார். அரங்கம் சிரித்தது, அவர் நன்றிக்கடனைத் தீர்த்தார். இரண்டும் ஒரே வசனத்தில் நடந்தன! ஆக, தனக்காகவும்தான், பார்க்கிறவருக்காகவும்தான்.

நீங்களும் எழுதுவதாக இருந்தால், முதலில் சாம்புவை முழுசாகப் படித்துவிட்டுப் பேனாவைத் திறங்கள்.