கைப்பக்குவமே பரிசு
(கிறிஸ்துமஸ் கேள்வி–பதில்)

கேள்வி: பன்னிரண்டு வீட்டுக்கு கிறிஸ்துமஸ் பரிசு கொடுக்க வேண்டும். கையில் இருப்பதோ 500 ரூபாய். வழி உண்டா? (வாசகி, தாம்பரம்)

பதில்: 500 ரூபாயில் பேட்டையையே கலக்கலாம்! அச்சு முறுக்கு என்று ஒன்று இருக்கிறதே. ஒரு கிலோ பச்சரிசி மாவு, இரண்டு தேங்காயின் பால், நாலு முட்டை, சர்க்கரை, கொஞ்சம் எள், பொரிக்க எண்ணெய். பன்னிரண்டு வீட்டுக்கும் போக, சுட்டவர் கொறிக்கவும் மிஞ்சும்.

மாவு தோசை மாவைவிடச் சற்று நீர்க்க இருக்கட்டும். புது அச்சு என்றால் ஒரு ராத்திரி எண்ணெயில் ஊறப்போடுங்கள். சுடும்போது அச்சு கொதிக்கும் எண்ணெயிலேயே கிடந்து நன்றாகக் காய வேண்டும். பிறகு மாவில் முக்கால் பங்குதான் முக்க வேண்டும். மேல் விளிம்பை மாவு மூடிவிட்டதோ, முடிந்தது கதை: கரண்டி, கத்தி, ஜெபம் எதற்கும் முறுக்கு இறங்காது. முழுக்க ஆறிய பிறகே டப்பாவில் அடையுங்கள். சூட்டோடு மூடினால் நமத்துப்போகும். காற்றுப் புகாத டப்பாவில் இரண்டு வாரம் தாங்கும்.

பக்கத்து வீட்டார் கேக் கொடுப்பார்களே என்று கூச வேண்டாம். அவர்கள் வீட்டுக்கு ஏற்கெனவே ஏழு கேக் வந்திருக்கும். எட்டாவது கேக்கைப் பார்த்து யாரும் துள்ளிக் குதித்ததில்லை. முறுக்கைப் பார்த்துக் குதிப்பார்கள்.

கேள்வி: தூத்துக்குடி மக்ரூனை வீட்டிலேயே செய்து கொடுக்கலாமா? (வாசகர், மதுரை)

பதில்: டிசம்பர் மழை ஈரத்திலா? தூத்துக்குடிக்கு பஸ் ஏறுங்கள்.

கேள்வி: திராட்சை ஒயின்? (வாசகர், கோவை)

பதில்: உரிமம் இல்லாமல் காய்ச்சினால் 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் வீட்டுக்கு வரும். நன்னாரி சர்பத் போடுங்கள், விருந்தாளிகள் மட்டும் வருவார்கள்.

கேள்வி: கையால் செய்த பரிசு என்று பெருமை பேசுகிறீர்களே, ஞானியர் மூவரும் வாங்கிய பொருளைத்தானே கொண்டுவந்தார்கள்? (வாசகர், பாளையங்கோட்டை)

பதில்: மூவர் என்று உங்களுக்கு யார் சொன்னது? மத்தேயு தலைகளை எண்ணவே இல்லை. பரிசுகளைத்தான் சொன்னார்: பொன், தூபவர்க்கம், வெள்ளைப்போளம். பின்னால் சொன்ன இரண்டும் மரப்பட்டையைக் கீறி, பால் வடிந்து உறையும்வரை காத்திருந்து, சுரண்டி எடுக்கிற பிசின். அதைக் கிழக்கிலிருந்து பெத்லகேம்வரை சுமந்தும் வந்திருக்கிறார்கள். உங்கள் வீட்டு வாசலுக்கே பார்சல் வருகிறது, உங்களுக்கு வாதம் வேறு!

கேள்வி: அலுவலகத்தில், யாருக்கு யார் ரகசியமாகப் பரிசு கொடுப்பது என்று கிறிஸ்மா–கிறிஸ்சைல்ட் சீட்டு எடுத்தோம். எனக்கு மேலாளர் பெயர் விழுந்துவிட்டது. உச்சவரம்பு 100 ரூபாய். (வாசகி, சென்னை)

பதில்: சுக்குக்காபித் தூள். யோசிக்கவே வேண்டாம். மல்லி இரண்டு பங்கு, சுக்கு ஒரு பங்கு, கொஞ்சம் மிளகு, நாலைந்து ஏலக்காய். வெறும் சட்டியில் வறுத்துப் பொடியுங்கள். கருப்பட்டியை உடைத்துத் தனிப் பொட்டலமாக வையுங்கள்.

கருப்பட்டி என்றதும் எனக்குப் பேச்சு நிற்காது என்பது இந்தப் பகுதியைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும். 2023-இல் உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது நான் தெருவுக்கே சுக்குக்காபி கொடுத்தேன். அந்தப் பொட்டலத்தை ஜிகினாத் தாளில் சுற்றிக் கெடுக்காதீர்கள். மணப்பாட்டுப் பக்கம் பெண்கள் பனையோலையில் முடைகிற சின்னப் பெட்டி கிடைத்தால் அதில் வைத்துக் கொடுங்கள். தூள் தீர்ந்த பிறகு மேலாளர் அதில் குண்டூசி போட்டுவைப்பார். சம்பள உயர்வுப் பட்டியலைத் திறக்கும்போது அவர் தொண்டையும் இதமாக இருக்கும்.

கேள்வி: பிளாஸ்டிக் பாட்டிலை வெட்டிப் பெயின்ட் அடித்துப் பூச்சாடி செய்திருக்கிறேன். யாருக்குக் கொடுக்கலாம்? (வாசகர், ஈரோடு)

பதில்: தூய்மைப் பணியாளரிடம், தரம் பிரித்து.

கேள்வி: போன வருட வாழ்த்து அட்டைகள் ஒரு பை நிறையக் கிடக்கின்றன. வெட்டி ஒட்டிப் புது அட்டை செய்யலாமா? (வாசகி, திருச்சி)

பதில்: தாராளமாக. 1843-இல் லண்டனில் ஹென்றி கோல் என்பவர், வந்து குவிந்த கடிதங்களுக்கெல்லாம் பதில் எழுத நேரம் இல்லாமல்தான் ஓவியர் ஹார்ஸ்லியிடம் படம் வரையச் சொல்லி கிறிஸ்துமஸ் அட்டை அச்சடித்தார். விலை ஒரு ஷில்லிங். அவர் மிச்சம் பிடித்த நேரத்தை நீங்கள் திருப்பிக் கொடுங்கள்: வெட்டிய படத்துக்குக் கீழே நாலு வரி சொந்தமாக எழுதுங்கள். அந்த ஆள் இந்த வருடம் உங்களுக்குச் செய்த ஒரு உதவியைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டாலே போதும். போன வருடம் அனுப்பியவருக்கே அவர் படம் திரும்பிப் போகாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எரிந்து மிஞ்சிய மெழுகுவத்தித் துண்டுகளை உருக்கிப் புதிதாக வார்க்கிறோம். குழந்தைகளும் கூட இருக்கிறார்கள். கவனிக்க வேண்டியது என்ன? (வாசகர், வேளாங்கண்ணி)

பதில்: இதில் விளையாட்டு இல்லை. மெழுகை நேரடியாக அடுப்பில் வைக்காதீர்கள். அகலப் பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்க, அதற்குள் மெழுகுள்ள பாத்திரத்தை வையுங்கள். உருகும்வரை ஒரு நிமிடம்கூட அந்த இடத்தைவிட்டு நகரக் கூடாது. தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது, தீ சீறி எழும். அடுப்பை அணைத்து மூடியால் மூடுங்கள். பிள்ளைகளுக்குத் திரி வெட்டுகிற வேலை போதும்.

கேள்வி: பேரனுக்கு நட்சத்திரம் செய்து தர ஆசை. கடை நட்சத்திரம்தான் அழகு என்கிறான். (வாசகர், நாசரேத்)

பதில்: அவனையும் உட்கார வைத்துச் செய்யுங்கள், தாத்தா! ஒரே நீளத்தில் பத்து மூங்கில் குச்சி. ஐந்தைந்தாகக் கட்டினால் இரண்டு நட்சத்திரம். ஒன்றின் மேல் ஒன்றை வைத்து ஐந்து முனைகளையும் நூலால் இறுக்குங்கள். இப்போது தட்டையாகத்தான் கிடக்கும், பேரனும் உதட்டைப் பிதுக்குவான். உள்ளே குச்சிகள் குறுக்கே வெட்டிக்கொள்கிற ஐந்து இடங்களிலும் சாண் குச்சியை முட்டுக்கொடுங்கள். தட்டை நட்சத்திரம் புடைத்து எழுந்து நிற்கும். அந்த நொடியில் பையன் முகத்தைப் பாருங்கள்! மைதாப் பசையால் பட்டத்தாள் ஒட்டுங்கள். உள்ளே எல்இடி பல்புதான். பழைய குண்டு பல்பு தாளைக் கருக்கிவிடும். அடுத்த வருடம் தாள் மட்டும் மாற்றினால் போதும். கடை நட்சத்திரம் ஜனவரியிலேயே குப்பைக்குப் போயிருக்கும்.

கேள்வி: அம்மா இந்த வருடம் தவறிவிட்டார். அப்பாவுக்கு அம்மா இல்லாத முதல் கிறிஸ்துமஸ். பணமும் அதிகம் இல்லை. என்ன செய்து கொடுக்க? (பெயர் வேண்டாம், நாகர்கோவில்)

பதில்: ஒரு நோட்டு வாங்குங்கள். அம்மா செய்த பலகாரங்களை அதில் எழுதுங்கள். தெரியாததைச் சித்தியிடம், பெரியம்மாவிடம், அடுத்த வீட்டு அக்காவிடம் கேளுங்கள். அப்பாவிடமும் கேளுங்கள்: முந்திரிக்கொத்துக்குப் பயறை அம்மா எவ்வளவு நேரம் வறுப்பார், கருப்பட்டிப் பாகை எப்போது இறக்குவார் என்று. அவருக்கு அளவு தெரியாமல் இருக்கலாம். ஆனால் வறுக்கிற வாசம் தெரியும், அம்மா யாருக்கு முதலில் எடுத்துவைப்பார் என்பது தெரியும். அவர் சொல்வதை அவர் சொன்னபடியே எழுதிக்கொள்ளுங்கள். கொஞ்சம் பக்கம் வெறுமையாக விடுங்கள், பிறகு நினைவு வருவதை அவரே எழுதட்டும்.

முடிந்தால் பண்டிகைக்கு முந்தின நாள் இருவரும் சேர்ந்து ஒரு ஈடு சுடுங்கள். பாகு பதம் தப்பினாலும் பரவாயில்லை. அவருக்கு மனம் வரவில்லை என்றால் வற்புறுத்தாதீர்கள். நோட்டைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள்.

கேள்வி: இதெல்லாம் எப்போது ஆரம்பிக்க வேண்டும்? (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: நட்சத்திரத்துக்குக் குச்சி வெட்ட இன்றைக்கே. அட்டைகள் தபாலில் போக வேண்டும், அதனால் இந்த வாரமே. முறுக்கு மட்டும் 20-ஆம் தேதிக்குப் பிறகு. முன்னால் சுட்டால் வீட்டிலேயே தீர்ந்துவிடும்.