காத்திருப்போர் பட்டியலில் ஒரு முழுக்கு

கோடை நீச்சல் வகுப்புக்குக் காலை 10 மணிக்கு முன்பதிவு திறந்தது. ஓடிபி வருவதற்குள் இடம் தீர்ந்தது. மகனுக்குக் கிடைத்தது காத்திருப்போர் பட்டியலில் 17ஆவது இடம். உள்ளே இருக்கும் பிள்ளை ஒன்றுக்குச் சளி பிடித்தால் 16. இப்போதெல்லாம் பக்கத்துவீட்டுப் பையன் தும்மினால் எங்கள் வீட்டில் முகம் மலர்கிறது.

திருச்செங்கோட்டில் மாமனாரிடம் சொன்னேன். "நீச்சலுக்கு டிக்கெட்டுங்களா மாப்பிள்ளை?" என்றார். அவர் காலத்தில் வகுப்பு தோட்டத்துக் கிணற்றில். முதுகில் சுரைக்குடுக்கை, இடுப்பில் கயிறு. வசதியான வீடென்றால் லாரி டியூப். நாமக்கல் சீமையில் லாரிக்கா பஞ்சம்? தாய்மாமன் பின்னாலிருந்து தள்ளிவிட்டால் சேர்க்கை உறுதி. ரத்து செய்யும் வசதி கிடையாது.

கிணறுகள் என்னவாயின என்று கேட்கிறீர்களா? நாடு முழுக்க ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளுக்குத் திருச்செங்கோடுதான் தலைநகரம். ஊரெல்லாம் துளை போட்டவர்கள் சொந்த ஊரை மட்டும் விட்டுவைப்பார்களா? தண்ணீர் நூற்றுக்கணக்கான அடி கீழே போய்விட்டது. ஆறரை அங்குலக் குழாய்க்குள் வாளியே இறங்காது, பிறகல்லவா நீச்சல்!

நேற்று குறுஞ்செய்தி வந்தது: பட்டியலில் 9. மாமனார் வறண்ட கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "மழை பேஞ்சு இது ரொம்பறது முந்துங்களா, உங்க லிஸ்ட்டு நகர்றது முந்துங்களா?"