உப்பு தின்னாத கார்

ஈஸ்ட் லான்சிங், மிச்சிகன்
மார்ச் முதல் வாரம்

அன்புள்ள மாமாவுக்கு,

மருமகன் எழுதுவது. இங்கே நலம். அத்தை கொடுத்துவிட்ட மக்ரூன் வந்து சேர்ந்தது. தூளாக வந்ததால் ஸ்பூன் போட்டுச் சாப்பிட்டோம், ருசி அப்படியே இருந்தது.

கார் வாங்கிவிட்டேன். "என்ன வண்டி, எவ்வளவு ஓடியிருக்கு, யார்ட்ட வாங்குனே" என்று நீங்கள் போனில் கேட்டதற்கு ஒரு வரியில் பதில் சொன்னால் ஒர்க்ஷாப்பில் உட்கார்ந்து அத்தனையையும் சந்தேகப்படுவீர்கள். அதனால் விவரமாகவே எழுதுகிறேன்.

"பஸ் இருக்கும்போது கார் எதுக்கு?" என்று அப்பா இன்னும் கேட்கிறார். மைனஸ் பதினைந்தில், கையில் பத்து கிலோ பொன்னி அரிசியோடு பஸ் ஸ்டாப்பில் அவரை ஒரு ஞாயிற்றுக்கிழமை நிறுத்திவைக்க எனக்கு ஆசைதான். டிக்கெட் விலை இடிக்கிறது.

கேம்பஸில் வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் வேலை பார்க்க விசா விடாது. அதனால் வரி எல்லாம் சேர்த்து 7,000 டாலருக்குள் முடிக்க வேண்டும். அந்த விலைக்கு இங்கே வண்டி கிடைக்காமல் இல்லை. விளம்பரத்தில் பாதி வண்டிக்குச் சொந்தக்காரி ஒரு பாட்டி. பாட்டி சர்ச்சுக்கு மட்டும்தான் ஓட்டினாராம். மீட்டரில் 1,60,000 மைல். அந்த சர்ச் எந்த நாட்டில் இருக்கிறதோ!

நல்ல நேரம் பற்றி அம்மாவுக்குக் கவலையே வேண்டாம். மிச்சிகனின் பெரிய கவுண்டிகளில் ஞாயிற்றுக்கிழமை கார் வியாபாரம் செய்யக் கூடாது என்று 1953-லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். ஞாயிறு ராகுகாலத்தில் டீலரிடம் வண்டி எடுக்க நினைத்தாலும் முடியாது.

இந்த ஊரில் இன்ஜினைவிட முதலில் பார்க்க வேண்டியது வண்டியின் அடிவயிறு. தூத்துக்குடிக்காரருக்கு உப்பைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. நம் ஊரில் கடல் காற்று வண்டியை மெதுவாகத் தின்னும். இங்கே பனி உருகுவதற்காக உப்பை லாரியில் கொண்டுவந்து ரோட்டில் கொட்டுகிறார்கள். டெட்ராயிட் நகருக்கு அடியில் சுமார் 1,200 அடி ஆழத்தில் ஓர் உப்புச் சுரங்கமே ஓடுகிறது, அப்புறம் கஞ்சத்தனம் எதற்கு? உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். இங்கே வண்டிகள் பிரேக் லைன் அறும்வரை நினைக்கின்றன. பிரேக் ஆயில் போகும் குழாய் இரும்புதானே, அதுவும் அரித்துப்போகும்.

ஆகவே ஒரு டீலர் யார்டில் அட்டையை விரித்து, பனியில் மல்லாந்து படுத்தேன். மேலே வண்டி மாப்பிள்ளை மாதிரி மின்னியது. அடியில் புதுசாகக் கறுப்பு பெயிண்ட். "அடியில புது பெயிண்ட் அடிச்சிருந்தா அங்கதான் தட்டிப் பாரு" என்று சொல்லிக்கொடுத்தது நீங்கள்தானே. கதவுக்குக் கீழே உள்ள பட்டையில் ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டினேன். டங் என்று கேட்க வேண்டிய இடத்தில் பொத்தென்று கேட்டது. இன்னொரு தட்டு. பொலபொலவென்று துரு என் மூக்கில் கொட்டியது.

சேல்ஸ்மேன் அசரவில்லை. "இந்த ஊர்ல எல்லா வண்டியும் இப்படித்தான்" என்று பக்கத்து வண்டியைக் காட்டினார். அதில் எச்சரிக்கை விளக்கு எதுவும் எரியவில்லை. 1996-க்குப் பிறகு இங்கே விற்ற கார்களில் ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு சாக்கெட் இருக்கும். என் ரூம்மேட், வாரங்கல் பையன், இருபது டாலர் ஸ்கேனரை அதில் செருகினான். கோளாறுக் குறியீடு ஒன்றுகூட இல்லை. ஆனால் வண்டி தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும் வரிசையில் முக்கால்வாசி "நாட் ரெடி". யாரோ சமீபத்தில் குறியீடுகளை அழித்திருக்க வேண்டும், அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்க வேண்டும். கேட்டதும், "நேற்றுதான் பேட்டரி மாற்றினோம்" என்றார் சேல்ஸ்மேன். பானெட்டைத் திறந்தால் பேட்டரி முனையில் பூத்திருந்த பச்சைக்கு ஒரு வயது இருக்கும். கண்ணாடியில் ஒட்டியிருந்த தாளில் மட்டும் உண்மை இருந்தது: "ஆஸ் இஸ்". வாங்கின பிறகு எது போனாலும் உன் பாடு. அந்தத் தாளை ஒட்டியே ஆக வேண்டும் என்பது மத்திய அரசு விதி. அதற்காக அரசாங்கத்தை மெச்சலாம்.

கடைசியில் வாங்கியது ரிட்டயர்டான ஒரு பிளம்பரிடம். 2012 டொயோட்டா கொரோலா, 1,28,000 மைல். நம் கணக்கில் இரண்டு லட்சம் கிலோமீட்டரை ஒட்டி வரும். அப்பாவிடம் மைலை மட்டும் சொல்லுங்கள். விலை 6,200 டாலர், ஆறு சதவீத வரி 372. இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், பக்கத்து லான்சிங் ஓல்ட்ஸ்மொபைல் பிறந்த ஊர். 1897-இல் ஆரம்பித்து, கடைசி காரும் 2004-இல் அங்கேதான் இறங்கியது. அப்படிப்பட்ட இடத்தில் ஜப்பான் பேர் போட்ட காரை வைத்திருக்கும் கூச்சம் மனுஷனுக்கு. "இது என் மனைவியோடது" என்று வாசலிலேயே சொல்லிவிட்டார். சேஸிஸ் நம்பர் 2-இல் தொடங்குவதால் வண்டி கனடாவில் செய்தது என்று நான் ஆறுதல் சொன்னேன். கனடாவும் அவருக்குத் திருப்தி தரவில்லை.

ஆனால் ஒரு ஷூ பெட்டி நிறைய ரசீது வைத்திருந்தார் மாமா! ஆயில் மாற்றியது, பிரேக் பேட் மாற்றியது, எல்லாம் தேதிவாரியாக. குளிர்காலத்தில் வாராவாரம் வண்டியின் அடியில் தண்ணீர் பீச்சிக் கழுவுவாராம், அதற்கும் ரசீது. நான் கேட்பதற்குள் அவரே குறைகளைச் சொன்னார்: ஏசி சுமார், பின் கதவில் நசுங்கல், டயர் பழசு. டயரின் பக்கவாட்டில் பொறித்த நான்கு இலக்கத்தைத் துடைத்துக் காட்டினார், 3717. 2017-இல் 37-ஆவது வாரம் செய்தது. பள்ளத்தில் ஒரு சென்ட் காசைத் தலைகீழாகச் செருகினோம். லிங்கனின் தலை முழுசாகத் தெரிந்தது. டயர் போச்சு என்று அர்த்தம். விலையில் முந்நூறு டாலர் குறைத்த பிறகுதான் அந்த 6,200.

வேறு மெக்கானிக்கிடம் காட்டலாமா என்றதும் சாவியை நீட்டிவிட்டார். முன்பு பார்த்தவர்களில் இந்தக் கேள்விக்கு முகம் சுளித்தவர்களை அந்த நிமிடமே விட்டுவிட்டேன். மெக்கானிக்குக் கொடுத்த 120 டாலர் எனக்கு வலிக்கவில்லை. வலித்தது இன்சூரன்ஸ்தான். இந்த நாட்டிலேயே இன்சூரன்ஸ் விலை அதிகமான மாநிலங்களில் மிச்சிகனும் ஒன்று. ஊரில் ஆறு வருஷம் உங்கள் ஆம்னியை ஓட்டியதை அவர்கள் கணக்கிலேயே எடுக்கவில்லை. தூத்துக்குடி பழைய பஸ் ஸ்டாண்டைப் பார்த்திருந்தால் பாதி விலைக்குக் கொடுத்திருப்பார்கள்.

இப்போது உங்களால் ஒரு காரியம் ஆக வேண்டும். வால்வ் கவர் ஓரத்தில் லேசாக எண்ணெய் கசிகிறது. சொட்டவில்லை, வியர்க்கிறது. கேஸ்கெட் மலிவு, ஆனால் இங்கே மெக்கானிக் கூலியைக் கேட்டால் நமக்கு வியர்க்கும். நானே மாற்றலாமா? போல்ட்டை எந்த வரிசையில் இறுக்குவது, பழைய கேஸ்கெட்டை எதைக் கொண்டு சுரண்டுவது என்று சனிக்கிழமை வீடியோ காலில் காட்டுங்கள். போனைக் கடைப் பையனிடம் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடாதீர்கள். போன தடவை அவன் எனக்கு லாரி கிளட்ச் கழற்றக் கற்றுக்கொடுத்தான்.

அத்தைக்கு என் வணக்கம். அடுத்த மக்ரூனை டப்பாவில் பஞ்சு வைத்து அனுப்பச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மருமகன்