மெடிட்டரேனியன் அண்ணாச்சி

நியூஜெர்சியில் வெயில் ஏறத் தொடங்கியதும் வாட்ஸ்அப்பில் பிக்னிக் பட்டியல் சுற்றுக்கு வரும். புளியோதரை யார், வடை யார் என்று மற்றவர்கள் யோசிப்பதற்குள், "பாஸ்டா சாலட் நம்ம பொறுப்பு" என்று முதல் ஆளாக எழுதிவிடுவார் ஒருவர். அவர்தான் மெடிட்டரேனியன் அண்ணாச்சி. தமிழர்கள் நாலு குடும்பம் சேர்ந்த ஊரில் எல்லாம் இவர் கட்டாயம் உண்டு.

பூர்வீகம் பாளையங்கோட்டை. மதம் மாறியது கொலஸ்ட்ரால் ரிப்போர்ட் வந்த அன்று. நல்லெண்ணெய் அலமாரியின் பின்வரிசைக்குப் போனது. கறுப்பு பாட்டிலில் ஆலிவ் எண்ணெய் முன்னால் வந்தது. வெளிச்சம் பட்டால் எண்ணெய் கெடும், அதனால்தான் கறுப்பு பாட்டில். நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்வார். ஆன்செல் கீஸ் என்ற அமெரிக்கர் 1958இல் உணவையும் இதயநோயையும் பற்றிய ஏழு நாட்டு ஆய்வைத் தொடங்கியதையும், மெடிட்டரேனியன் கடலின் கிரீட் தீவு விவசாயிகளுக்கு மாரடைப்பு அரிதாக இருந்ததையும் சொந்தச் சித்தப்பா கதைபோல் விவரிப்பார். அந்த விவசாயிகள் நாள் முழுக்க மேட்டிலும் பள்ளத்திலும் நடந்து உழைத்தவர்கள் என்ற பகுதியை மட்டும் விட்டுவிடுவார். தெருமுனைத் தபால்பெட்டிக்கே காரில் போகிறவர்; பாவம், வேறென்ன செய்வார்?

சமையல் நாளன்று அவர் பேச்சைக் கேட்க வேண்டும். "தண்ணி கடல் மாதிரி கரிக்கணும் வே" என்பார், பிரஷர் மாத்திரையை விழுங்கிக்கொண்டே. ஃபுசிலிதான் வேண்டும், அந்தத் திருகுக்குள்தான் எலுமிச்சைச் சாறும் எண்ணெயும் தங்கும். ஆறினால் பாஸ்டா விறைத்துப்போகும், ஆகவே பாக்கெட்டில் போட்டதைவிட ஒரு நிமிடம் கூடுதலாக வேகவேண்டும். சுடச்சுடச் சாப்பிடும் பாஸ்டாவைக் கழுவினால் பாவம். சாலடுக்குப் பச்சைத்தண்ணீரில் அலசலாம். கடல் கணக்கு மட்டும் மிகை; மற்றதெல்லாம் சரியான தகவல்தான், அதுதான் கொடுமை!

சாலடில் போடும் ஃபீட்டா சீஸ் பேச்சை எடுத்தால் தொலைந்தோம். "செம்மறியாட்டுப் பால் வே! வெள்ளாட்டுப் பால் நூத்துக்கு முப்பதுக்கு மேல போகப்படாது. ஐரோப்பாவுல 2002லயே அந்தப் பேரு கிரீஸுக்குத்தான்னு எழுதிக் கொடுத்தாச்சு. இங்க மாட்டுப்பால்ல செஞ்சு அதே பேர்ல விக்கான்."

இவ்வளவும் அவர் நாற்காலியில் சாய்ந்தபடி. கலமாட்டா ஆலிவை ஒவ்வொன்றாக அமுக்கிக் கொட்டை எடுப்பது, வெங்காயத்தை நெடி போக ஐஸ் தண்ணீரில் ஊறப்போடுவது, வெள்ளரி, தக்காளி நறுக்குவது, கொண்டைக்கடலை வேகவைப்பது எல்லாம் மதினி.

"என்னங்க, தயிர்ச்சோத்துல வெள்ளரிக்கா போட்டா முகத்தச் சுளிக்கிய. இதுல மட்டும் இனிக்கோ?"

"அது வேற, இது வேற."

பார்க்கில் பெரியவர்கள் சாலட் பாத்திரத்தைச் சுற்றிக்கொண்டு பிரியாணிக்குப் போவார்கள். புளியோதரையைக் கண்டால் ஓடுகிற பிள்ளைகள்தான் சாலடை வழித்துத் தின்பார்கள். உண்மையிலேயே நன்றாக இருக்கும்; நாக்கில் லேசாகச் சுர்ரென்று ஒரு காரம் வேறு. "ஆரிகனோ வே!" என்பார் அண்ணாச்சி. மதினி பச்சை மிளகாயைப் பொடியாக அரிந்து எலுமிச்சைச் சாற்றில் போட்டது அவருக்கு இன்றுவரை தெரியாது.

நீங்களும் சொல்லிவிடாதீர்கள். இன்னொன்று, வெயில் 90 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டினால் இந்த சாலட் வெளியில் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கக்கூடாது. அண்ணாச்சியின் விளக்கமோ அதற்கும் மேலே போகும். முதலில் தட்டை நிரப்பிக்கொள்ளுங்கள், பிறகு ஃபீட்டாவைப் பற்றிக் கேளுங்கள்.