தாழிக்குள் ஒரு கொள்கை விளக்கம்

திருநெல்வேலிக்குக் கிழக்கே, பொருநையின் தென்கரையில், ஆதிச்சநல்லூர்ப் பரம்பிலே தாழிகளுக்குள் சயனித்திருக்கும் நம் முன்னோரைப் போன்ற பொறுமைசாலிகளை, விஞ்ஞானக் கொள்கை வகுக்கும் பெருமக்கள் வேறெங்கும் காண்பது அரிது. 1876-இல் ஜாகோர் என்ற ஜெர்மானியர் தோண்டி எடுத்தவை பெர்லினுக்குக் கப்பலேறின; பின்னர் அலெக்சாண்டர் ரீ துரை தோண்டியவை சென்னைக் காட்சிசாலையை அடைந்தன. அதன்பின் ஒரு நூற்றாண்டுக் காலம் கழித்து, 2004-இல் மத்திய தொல்லியல் துறை மண்வெட்டியை ஏந்தியது. எனினும், உயர்நீதிமன்ற மதுரைக் கிளைக்கு வழக்கொன்று சென்ற பிறகே கரிமப் பரிசோதனைக்கு முகூர்த்தம் கூடியமையால், கி.மு. 905, கி.மு. 696 என்னும் காலக் கணிப்புகள் 2019-இல்தான் பிரசித்தமாயின. மறு வருஷமே மத்திய பட்ஜெட், அவ்வூரை நாட்டின் ஐந்து சிறப்புத் தொல்லியல் தலங்களுள் ஒன்றாகப் பிரகடனம் செய்து கௌரவித்தது.

ஆராய்ச்சியின் முன்னுரிமையை நிர்ணயிப்பவை ஞான வேட்கையும் நிபுணர் குழுக்களுமே என்று மயங்கியிருக்கும் இளம் ஆய்வாளர்களுக்கு இதனால் விளங்கும் நீதி யாதெனில், ஒரு பொருள் அரசாங்கத்தின் கவனத்தைப் பெறுவதற்கு இருபத்தெட்டு நூற்றாண்டுப் பழமை மாத்திரம் போதாது; சமர்த்தான வக்கீல் ஒருவரும் அவசியம்.