கடல் பார்த்த மாளிகை

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டில் வரும் வாட்டர்டீப், எட் கிரீன்வுட் கற்பனையில் எழுந்த நகரம். அங்கே காசுள்ளவர்கள் குடியிருப்பது கடலோர 'சீ வார்டு'. அழகுத் தெய்வத்துக்கு ஒரு கோயில், போர்த் தெய்வத்துக்கு இன்னொன்று. மிச்ச இடத்தில் பெரும்பாலும் பிரபுக்களின் மாளிகைகள். மீன் நாற்றமும் குடிகாரர் சண்டையும் தெற்கே 'டாக் வார்டு'க்கு ஒதுக்கப்பட்டுவிட்டன. கடல் என்னவோ ஒன்றுதான். நகரை ஆளும் பிரபுக்கள் முகமூடியோடுதான் சபைக்கு வருவார்கள். ஒருவருக்கு மட்டும் முகம் உண்டு. திட்டு வாங்க ஆள் வேண்டுமே! டிராகன், மந்திரம், எழுந்து நடக்கும் ராட்சதச் சிலைகள் என எதற்கும் அஞ்சாத கற்பனை, கடல் பார்த்த மாளிகையை ஏழைக்கு ஒதுக்க மட்டும் துணியவில்லை. அதைப் போய் ஆட்டக்காரர்கள் நம்புவார்களா என்ன?