ஆறாவதிலிருந்து தொடங்கலாமா?

கேள்வி: பழைய புத்தகக் கடையில் ‘பிரதர் கேட்ஃபெல்’ துப்பறியும் வரிசையின் ஆறாவது நாவல் மட்டும் கிடைத்தது. முந்தைய ஐந்தைப் படிக்காமல் இதைத் தொடலாமா? (வாசகர், கும்பகோணம்)

பதில்: தாராளமாக. எல்லிஸ் பீட்டர்ஸ் எந்தப் பிணத்தையும் அடுத்த புத்தகத்துக்குப் பாக்கி வைப்பதில்லை. பின்னணியும் எளிது: 12-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்து. ஷ்ரூஸ்பரி மடத்தில், சிலுவைப் போரில் வாள் சுழற்றிய கையால் கஷாயம் காய்ச்சுகிறார் கேட்ஃபெல் என்ற துறவி. வெளியே அத்தை மகன் ஸ்டீபனும் மாமன் மகள் மட்டில்டாவும் அரியணைக்கு அடித்துக்கொள்கிறார்கள். (நம் ஊராக இருந்தால் இருவருக்கும் கல்யாணத்தை முடித்துச் சண்டையை வீட்டுக்குள் அனுப்பியிருப்பார்கள்.)

ஆனால் இரண்டாவது நாவலுக்கு ஆபத்து உண்டு. 1138-இல் ஷ்ரூஸ்பரி கோட்டையைப் பிடித்த ஸ்டீபன் 94 பேரைத் தூக்கிலிடுகிறார். அடக்கம் செய்ய வந்த கேட்ஃபெல் எண்ணிப் பார்த்தால் 95! அந்த உபரிப் பிணத்துக்காக நாம் முறைத்துப் பார்க்கும் இளைஞர்களில் ஹியூ பெரிங்கரும் ஒருவர். உங்கள் ஆறாவதிலோ அவர் துணை ஷெரீஃப், கேட்ஃபெலின் உயிர் நண்பர். பிறகு திரும்பிப் போய் அவரைச் சந்தேகப்பட உங்களுக்கு மனசு வருமா?

அதனால் இரண்டாவதைத் தேடிப் படித்துவிட்டு வாருங்கள். மற்றவை காத்திருக்கும். ஆறாவதில் கேட்ஃபெலின் இளமைக்காலக் கணக்கு ஒன்று வெளியே வருகிறது; 1994-இல் வந்த இருபதாவது, கடைசி நாவலே அதன் மேல்தான் நிற்கிறது. என்ன கணக்கா? ஆறாவதின் பனியில் நடந்துபோய் நீங்களே பாருங்கள். பின்னட்டையை மட்டும் முதலில் புரட்டாதீர்கள்.